பெரட்டில் திட்டியதைப் பெரட்டில் சொல்

சரவணா,

நேற்று போனில் நீ பாதியில் வைத்துவிட்டாய். "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்றாய். அப்புறம் நீ பேசவில்லை. நான் சொல்ல வேண்டியது நெஞ்சிலேயே நின்றுகொண்டு சோற்றைக்கூட இறங்க விடவில்லை. அதனால் எழுதுகிறேன். காகிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நிறுத்தி என்னைப் பால்மரம் வெட்ட அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது. மருமகள் கவிதாவின் அண்ணன் நாளைக்கு இங்கே ரஹாங்கிலிருந்து உன் தோட்டம் இருக்கிற லிங்கிப் பக்கம் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. யார் படித்தாலும் கவலை இல்லை. உன்னைப் போல நாற்காலி கிடைத்த பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் என்னைப் போல எங்கேயாவது பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

நீ கேட்டது இதுதான். உன் தோட்டத்து நர்சரியில் எண்ணெய் எடுக்கிற செம்பனையின் நாற்றுகளைப் பார்க்கிற பாக்கியமும் அவளோடு இருக்கிற பெண்களும் வேலையை விட்டுவிட்டுச் சிரம்பான் பக்கம் ஃபேக்டரிக்குப் போகப்போகிறார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஃபேக்டரி பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். அவர்கள் போய்விட்டால் நாற்றுகளைப் பார்க்கக் கை இல்லை, கம்பெனி உன் கழுத்தைப் பிடிக்கும். "பாக்கியம் நின்னுட்டா மத்தவங்களும் நின்னுடுவாங்கம்மா. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க." இவ்வளவுதானே? என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கம் வரைக்கும் தேடாதே. நான் பேச மாட்டேன். ஏன் மாட்டேன் என்பதுதான் இந்தக் கடிதம்.

கவிதாவின் பிரசவம் முடிந்ததும் உன் பங்களாவில் வந்து இருந்தேனே, அங்கே முதல் நாள் விடியற்காலையில் ஆட்களை வரிசைக்குக் கூப்பிடுகிற பெரட்டு மணிச் சத்தம் கேட்டதும் எனக்குத் தூக்கிப் போட்டது. எத்தனை வருசம் ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு உடம்பு எழுந்து நின்றுவிடுகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் போய்ப் பார்த்தேன். ஆபீஸ் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், வேலை மேய்க்கிற மண்டோர் பேர் கூப்பிடுகிறார், யாருக்கு எந்த வேலை என்று பிரிக்கிறார், படிமேல் நீ நிற்கிறாய். கூலிக்காரர் லயத்து வீட்டில் பிறந்த பிள்ளை சின்ன தொரையாக நிற்கிறான். எனக்குக் கண் கலங்கியது என்று கவிதாவிடம் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. கீழே நின்றே காலம் தள்ளியவர் உன் அப்பா. அவர் இருந்து பார்த்திருக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமே, நல்ல வேளை அவர் இல்லை என்று நினைக்க வைத்தாய்.

பாக்கியம் யார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரெம்பாவ் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் அடுத்த வீடு அவள். தோட்டத்தை விற்றபோது நாங்கள் டவுனுக்கு வந்தோம், அவள் புருஷனோடு லிங்கிப் பக்கம் போனாள். நீ அங்கே சின்ன தொரையாக வந்தது தற்செயல். உன் பேரைக் கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, "அக்கா, நம்ம சரவணன் வந்திருக்கு லா. இனிமே எங்களுக்கு என்ன கவல" என்றாள். அந்தச் சந்தோசத்தை நான் கேட்டேன், சரவணா. அதனால்தான் இப்போது இவ்வளவு எரிகிறது.

நான் வந்த புதிதில் ஒரு காலை. பேரெல்லாம் கூப்பிட்டு முடிந்தது. பாக்கியம் வரிசையிலிருந்தபடியே, "சார், ஆத்தோரப் பாத்தியில பைப்பு ஒழுவுது, கடைசி வரிசைக்குத் தண்ணி எட்டல" என்று சொன்னாள். நல்ல வார்த்தைதானே? அவளை யாரும் கேட்கவில்லை, அவளாகப் பார்த்து அவளாகச் சொல்கிறாள். நீ என்ன சொன்னாய்? "ஒங்க வேல புல்லு புடுங்கறது. பைப்பப் பாக்க ஆள் இருக்கு. குடுத்த வேலைய மட்டும் பாருங்க." வரிசையில் நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்து மேல்சட்டைக்குள் சொருகிக்கொண்டு நடந்தாள். ஜன்னலில் நின்ற எனக்கு முகம் சுட்டது.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை. அவள் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். ஏன் என்று நீ கேட்கவே இல்லை. அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வேன் அன்றைக்குத் தாமதமாக வந்தது, அவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு ஓடி வந்தாள். நீ படியிலிருந்து இறங்கி, அத்தனை பேர் முன்னாலும், "வீட்டு வேலைய முடிச்சிட்டு மெதுவா வர்றதுக்கு இது ஒன் சொந்தக்காரன் தோட்டமா?" என்று கேட்டாய். 'ஒன்' என்றாய். அவள் வயசு உனக்குத் தெரியும். அதே காலையில் அவளுக்குப் பின்னால் இன்னொரு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான், பங்களாதேஷ்காரன். அவனை "தாப்பா, தாப்பா, பரவாயில்ல, நாளைக்கு நேரத்தோட வா" என்று மலாயில் சொல்லித் தோளில் தட்டினாய். அவனைத் தட்டியது தப்பில்லை. அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். ஆனால் அந்தக் கை இவள் பக்கம் வரும்போது ஏன் சுருங்கியது?

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இதை உன்னிடம் கேட்டேன். நீ கோழித் துண்டைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்.

"ஒங்களுக்குப் புரியாதும்மா. நம்ம ஆளுங்களுக்கு எடம் குடுத்தா, தமிழன் தமிழனத் தூக்குறான்னு மேல எழுதிப் போட்டுடுவாங்க. நம்ம ஆளுங்களும் எளக்காரமா எடுத்துக்குவாங்க."

"எடம் குடுக்கச் சொல்லல. மனுசியா பேசச் சொல்றேன்."

"வேல எடத்துல அப்படித்தாம்மா. பெர்சனலா எடுத்துக்கக் கூடாது."

கவிதா அப்போது ரசத்தை ஊற்றிக்கொண்டே, "வீட்லயும் அப்படித்தான் அத்த. நானும் பெர்சனலா எடுத்துக்கறதில்ல" என்றாள். நீ நிமிர்ந்து பார்த்தாய், அவள் குனிந்துகொண்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் ஆள் மேலே போனால் நம் ஆளைத்தான் முதலில் மிதிக்க வேண்டும், அப்போதுதான் மற்றவர்கள் நம்புவார்கள் என்று ஒரு கணக்கு. இதைப் போட்ட முதல் ஆள் நீ இல்லை. நம் பழைய தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க்காக இருந்த கிராணி இதே கணக்கைத்தான் போட்டார். அவரும் நம் ஊர்க்காரர்தான். ஆபீஸில் தொரை இருந்தால் எங்களோடு தமிழிலேயே பேச மாட்டார். நீ கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது மருந்துச் சீட்டு வாங்கப் போனேன். உள்ளே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு என்னை வெயிலில் நிற்க வைத்தார். "எல்லாருக்கும்தான் புள்ள இருக்கு" என்றார். அவர் சாவுக்குத் தோட்டமே போனது. உன் அப்பாவும் போனார். நான் வீட்டிலேயே உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் கூப்பிட்டாலும் போக மாட்டேன்.

அந்தக் காலத்தில் மண்டோர் காலையில் பெரட்டில் நின்று, நேற்று எந்த மரத்தில் யார் உளி ஆழமாக இறங்கிக் காயம் பட்டது என்று பேர் சொல்லித் திட்டுவார். கேட்கிறவன் கூசிப்போவான். என்ன ஆனது தெரியுமா? எல்லோரும் மேலாகவே சீவ ஆரம்பித்தார்கள். காயம் இல்லை, திட்டு இல்லை. பாலும் இல்லை. பால் பிடிக்கிற மங்கில் அடி நனைகிற அளவுக்குத்தான் ஊறும். தொரைக்குக் காரணம் தெரியாது, மண்டோருக்குத் தெரிந்தாலும் சொல்ல மாட்டார், நாங்கள் ஏன் சொல்கிறோம். மரம் நன்றாக இருந்தது, மனுசர்கள்தான் கெட்டுப் போனார்கள்.

அவருக்குப் பின்னால் கோவிந்தன் மண்டோர் வந்தார். தங்கமான மனுசன் என்று சொல்ல மாட்டேன். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. ஆனால் காயம் பட்டால் பெரட்டில் சொல்ல மாட்டார். நாம் வெட்டுகிற மர நிரைக்கு நடந்து வந்து, அந்த மரத்தடியில் நாம் வெட்டி முடிக்கிற வரைக்கும் நிற்பார். "கை வலிக்குதா? உளி தீட்டலியா?" என்று கேட்பார். அப்புறம்தான் திட்டு. அந்தத் திட்டை மரமும் நானும்தான் கேட்டோம். மழை வந்து பால் கரைந்துபோன நாளில் கிராணி அரை நாள் கூலிகூடத் தர முடியாது என்றபோது, இதே கோவிந்தன் மண்டோர் ஆபீஸ் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மழ பேஞ்சது என் ஆளு குத்தமா, கிராணியாரே?" என்றார். குறையைத் தனியாகச் சொன்னார், எங்களுக்காகப் பேசும்போது ஊர் கேட்கப் பேசினார். நீ அதை அப்படியே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

உன் அப்பாவுக்கு அந்தப் பழைய மண்டோரிடம் திட்டு விழுந்த நாட்கள் உனக்கு நினைவிருக்கும். நினைவில்லை என்று சொல்லாதே. அவர் சைக்கிளைச் சுவரில் சாத்துகிற சத்தத்திலேயே நீ புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாக்கியம் வீட்டுக்கு ஓடிவிடுவாய். சோற்றில் உப்பு இல்லை என்பார், இருக்கும். மண்டோரிடம் வாய் திறக்க முடியாத மனுசன் வீட்டில்தானே திறப்பார். வேலை செய்கிற இடத்தில் ஒருவனைக் குனிய வைத்தால் அது அந்த இடத்தோடு நிற்பதில்லை. நாலு சுவருக்குள் அதைச் சாப்பிட்டவள் நான், பயந்து வளர்ந்தவன் நீ. அதைப் பார்த்த பிள்ளை இப்படிச் செய்ய மாட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கத்துகிறவனிடம் திருப்பி யாரும் கத்துவதில்லை என்பதைத்தான் நீ அங்கே பாடமாக எடுத்திருக்கிறாய்.

உன்னைப் பார்த்தும் ஒருவன் கத்துகிறான், அதுவும் எனக்குத் தெரியும். பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் கம்ப்யூட்டரில் உன் பெரிய அதிகாரி பேசுவது கேட்டது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, திட்டுக்கு எந்தப் பாஷையும் வேண்டாம். நீ "யெஸ் சார், யெஸ் சார்" என்றே இருந்தாய். வெளியே வந்து, பிள்ளையைக்கூடப் பார்க்காமல் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாய். அப்போது உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் அந்தத் திட்டை அப்படியே கொண்டுபோய் வரிசையில் கொட்டினாய். அதை அவர்கள் யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்? பாக்கியம் போய், எழுந்து நடக்க முடியாத புருஷனிடம் கொட்டுவாளா?

நீ நல்லது எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆட்கள் உட்காரப் புதுக் கொட்டகை கட்டினாய், மின்விசிறி போட்டாய், குளிர்ந்த தண்ணீர் வைத்தாய். பூட்ஸ் கொடுத்தாய். மாதா மாதம் நல்ல வேலைக்காரர் என்று ஒருவர் படத்தை ஒட்டி ஹாம்பர் கூடை கொடுத்தாய். பாக்கியத்துக்கும் கிடைத்தது. ஆனால் அந்தக் கொட்டகையில் ஒருத்தரும் உட்காருவதில்லை, உனக்குத் தெரியுமா? பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாப் பெண்களும் லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால், புகை நாற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். "காத்து வர்ற எடத்த விட்டுட்டு இங்க என்னாடி?" என்று கேட்டேன்.

லெட்சுமி என்று ஒரு குட்டைப் பெண் இருக்கிறாளே, வாய்க்காரி, அவள் சொன்னாள்: "அங்க கேமரா மாட்டிருக்கு அக்கா. நாங்க வெத்தல மெல்லறது ஒங்க மவன் போன்ல தெரியுதாம் லா. எத்தன மெல்லு மெல்லுறோம்னு எண்ணுவாரு."

"அப்ப மெல்லாம முழுங்கு" என்றாள் பாக்கியம். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் அம்மா என்று தெரிந்துதான் சிரித்தார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதற்கப்புறம்தான் ஆற்றோரப் பாத்தி காய்ந்தது. பைப்பு முழுக்க விட்டுப்போய், கடைசி வரிசைகளுக்குத் தண்ணீரே போகாமல், பையிலிருந்த நாற்றெல்லாம் ஓலை கருகி நின்றது. நீ அன்றைக்குக் கத்திய கத்தல் பங்களாவுக்குக் கேட்டது. "தெனமும் இந்தப் பக்கந்தானே போறீங்க? ஒருத்தருக்குக்கூடக் கண்ணு தெரியலியா? ஏன் யாரும் சொல்லல?" சாயங்காலம் நான் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்தியா இல்லியா, உண்மையச் சொல்லு" என்றேன்.

"பாத்தேன்க்கா."

"பாத்துட்டுமா சும்மா வந்த? பச்சப் புள்ள மாதிரி வளத்தியேடி."

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். "என் வேல புல்லு புடுங்கறது அக்கா. புடுங்கினேன். சுத்தமா புடுங்கினேன், போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். காய்ந்த நாற்றுகளுக்கு நடுவில் ஒரு புல்கூட இல்லை. சரவணா, அந்தத் தரையைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. அவள் உன்னை எதிர்த்திருந்தால் பரவாயில்லை, சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. நீ சொன்னதை அப்படியே செய்தாள். இவள் உன் கை கால் மாதிரி இருந்தவள். மழைக்காலத்தில் ராத்திரி காற்று அடித்தால் எழுந்து போய் நிழல்வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள் என்று மண்டோர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கு யார் கூலி கொடுத்தார்கள்? அந்த வேலையை நீ எந்தச் சம்பளத்திலும் வாங்க முடியாது, எந்தக் கேமராவிலும் பார்க்க முடியாது. அது அவளாகக் கொடுத்தது. அவளாகவே நிறுத்திக்கொண்டாள். ஃபேக்டரிக்கு அவள் திங்கட்கிழமைதான் போகிறாள் என்று நீ நினைக்கிறாய். அவள் அந்தப் பாத்தியை விட்டுப் போய் எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

ஃபேக்டரியில் மட்டும் தேன் ஒழுகுகிறதா? நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அங்கேயும் ஒரு சூப்பர்வைசர் இருப்பான். அவளுக்கும் அது தெரியும். வேலையை விட்டால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், நோயாளியை வைத்துக்கொண்டு வாடகைக்கு வீடு தேட வேண்டும். இத்தனையும் தெரிந்துதான் போகிறாள். "தெரியாதவன் திட்டுனா காதோட போயிடும்க்கா" என்றாள்.

போனில் நீ இன்னொன்று சொன்னாய். சாயங்காலமாக அவள் வீட்டுக்குப் பழக்கூடையோடு போய் "ஸாரி அத்த" என்று சொல்லிவிட்டு வருகிறேன், நீங்களும் கூட வாருங்கள் என்று. போகாதே. இருட்டினதும் போய் அத்தை என்று காலைத் தொட்டுவிட்டு விடிந்ததும் படிமேல் நின்று 'ஒன்' என்பாய் என்றால் அதை விடக் கேவலம் கிடையாது. அவளை அத்தை என்று கூப்பிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அங்கே நீ தொரை, அவள் வேலைக்காரி, அப்படியே இருக்கட்டும். பிந்தி வந்தால் கேள். வேலை சரியில்லை என்றால் பாத்திக்குப் போய்ச் சொல். ஆனால் பெரட்டில் எடுத்த மரியாதையைப் பெரட்டில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். பைப்பைப் பற்றி அவள் முன்கூட்டியே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று அன்றைக்குச் சிரித்த ஆட்களின் முன்னால் சொல். அதைச் சொன்னால் உன் தொரைத்தனம் போய்விடும் என்று உனக்குப் பயம். போனால் போகட்டும். எப்படியும் அவர்கள் கண்ணில் அது எப்போதோ போய்விட்டது.

நேற்று ராத்திரி பாக்கியமே எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒங்க மவன் ஒங்கள எங்கிட்டப் பேசச் சொன்னாரா?"

"சொன்னான்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"போடி" என்றேன். "என் மூஞ்சிக்காக நிக்காத. என் மூஞ்சிக்காக நின்னீன்னா, அவன் நாளைக்கும் அதையேதான் பேசுவான், நீயும் புல்ல மட்டுந்தான் புடுங்குவ. போய் பஸ் ஏறு."

நான் சொன்னது உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உன் அம்மா உனக்கு எதிராகப் பேசினாள் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். போனில் அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் இருமுவது கேட்டது. அப்புறம், "ஆபீஸ்ல வீட்டுச் சாவிய சனிக்கெழமதான் குடுக்கணும்க்கா. அதுவரைக்கும் பெரட்டுக்கு வருவேன்" என்றாள்.

விட்டுப் போகிறவள் எதற்காகப் பெரட்டுக்கு வர வேண்டும்? எனக்குப் பிடிபட்டுவிட்டது. உனக்கும் பிடிபட வேண்டும், நீ அவ்வளவு படித்திருக்கிறாய். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்குச் சனிக்கிழமைப் பெரட்டு ஒன்றுதான் மிச்சம். மண்டோர் அவள் பேரைக் கூப்பிடுவார், அவள் "இருக்கேன்" என்பாள். அதற்கப்புறம் நீ வாயைத் திறக்கிறாயா இல்லையா என்பது உன் பாடு.

அம்மா